திருப்பிக் கொடுத்த மடியரிசி

மகள் மேல் வைத்த பாசத்தால்தான் என் அப்பா என்னை வக்கீலுக்குப் படிக்க வைத்தார் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். பாசமாவது ஒன்றாவது! கிருஷ்ணகிரி கோர்ட்டில் ஒரு வாய்க்கால் வழக்கில் தோற்றுப்போன வீம்பு அது. காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில், தென்பெண்ணைக் கரையில் எங்களுக்கு நிலம். தீர்ப்பு வந்த அன்று வண்டியை விட்டு இறங்கியதும் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இனிமே எவன் வாசல்லயும் போய் கைகட்டி நிக்கமாட்டன். என் வூட்லயே ஒரு வக்கீல் வரணும்" என்றார். வீட்டில் மகன் இல்லை. இருந்தது நான் ஒருத்தி. ஆக, அந்த வக்கீல் நான்தான்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. பெங்களூரில் விடுதியில் தங்கி பி.ஏ. முடித்திருந்தேன். அங்கே சட்டக் கல்லூரியில் பெண்களுக்கு விடுதி கிடையாது. மெட்ராசுக்கு அனுப்ப அம்மா ஒப்பவே இல்லை. "சமுத்திரம் இருக்கற ஊருக்குப் பொட்டப் புள்ளைய அனுப்பறதா?" என்றாள். சமுத்திரத்துக்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கடைசியில் ஓசூரில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் பெங்களூர் போய்வருவது என்று முடிவாயிற்று.

அந்த வீட்டுக்காரர் அப்பாவுக்கு மாட்டுச் சந்தையில் பழக்கமானவர். பாகலூர்ப் பக்கம் அவருக்கு நிலம். கோசும் உருளைக்கிழங்கும் விளைவித்துப் பெங்களூர் மார்க்கெட்டுக்கு லாரியில் ஏற்றி அனுப்புவார். கன்னடம் பேசுகிற குடியானவர் வீடு. ஒரே மகன் பெங்களூரில் தொழிற்சாலை வேலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வருவான், சாப்பிடுவான், தூங்குவான், போய்விடுவான். அவன் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. வீட்டின் குரல் எல்லாம் அவனுடைய அம்மாவிடம் இருந்தது.

அந்த அம்மாளை நான் 'அவ்வா' என்று கூப்பிட்டேன். அந்தப் பக்கத்துக் கன்னட வீடுகளில் பெற்ற தாயை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மகன் கூப்பிட்டதைக் கேட்டு எனக்கும் ஒட்டிக்கொண்டது. அகலமான கைகள், பெரிய குரல், வாயைத் திறந்தால் கேலி. முதல் வாரம் எனக்குக் களி இறங்கவில்லை. எங்கள் வீட்டில் நெல்லுச் சோறு. ராகிக் களியை மெல்லக்கூடாது, அவரைக்கொட்டைச் சாற்றில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. நான் மென்று மென்று தவிப்பதைப் பார்த்து அவ்வா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏ லாயரம்மா! நாளைக்குக் கோர்ட்டுல எத்தனை பொய்ய முழுங்கணும் நீ. இந்தக் களிய முழுங்கத் தெரியலயே உனக்கு!"

கோபம் வந்துவிட்டது எனக்கு. எனக்கு எப்போதும் மூக்கின் மேல்தான் கோபம். வேண்டுமென்றே பெரிய கவளமாக எடுத்து விழுங்கிப் புரைக்கேறி, கண்ணில் தண்ணீர் வந்து, அவ்வா என் உச்சந்தலையில் தட்டி, கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அன்றிலிருந்து நான் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அடுப்படியில், அவள் தட்டுக்கு எதிரே என் தட்டு.

காலைப் பஸ்ஸில் ஏறினால் ஒரே கூச்சல். கண்டக்டர் கன்னடத்தில் திட்டுவார், கீரைக் கூடைக்காரிகள் தெலுங்கில் பதில் கொடுப்பார்கள், நான் இடம் பிடிக்கத் தமிழில் சண்டை போடுவேன். போய்ச் சேர்ந்ததும் இங்கிலீஷ். வகுப்பில் நாங்கள் பெண்கள் இரண்டே பேர், முன் பெஞ்சில். ஆசிரியர் 'ஜென்டில்மென்' என்று ஆரம்பித்து, எங்களைப் பார்த்ததும் தொண்டையைச் செருமிக்கொள்வார். வருஷம் முழுக்க அதே செருமல்தான். அந்த மனிதருக்கு எங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கடைசிவரை தெரியவில்லை.

ஆனால் பாடம் நடத்துவதில் கெட்டிக்காரர். ஒப்பந்தச் சட்டத்தை அவர் கதைகளாகவே நடத்தினார். ஒரு மாமா மருமகனுக்கு எழுதினாராம், 'நீ பதில் போடாவிட்டால் உன் குதிரை எனக்குத்தான்' என்று. மருமகன் பதில் போடவில்லை. குதிரை யாருக்கு? மாமாவுக்கு இல்லை. மௌனம் சம்மதம் ஆகாது என்றார் ஆசிரியர். இன்னொரு நாள் கப்பல் கதை. ஒருவர் சரக்கு விற்றார், ஒருவர் வாங்கினார், இன்ன கப்பலில் வருகிற சரக்கு என்று பேச்சு. அதே பெயரில் இரண்டு கப்பல்கள் இருந்தன. விற்றவர் ஒன்றை நினைத்தார், வாங்கியவர் மற்றதை நினைத்தார். இருவரும் ஒரே பொருளை ஒரே அர்த்தத்தில் நினைத்துச் சம்மதித்தால்தான் சம்மதம், பதின்மூன்றாம் பிரிவு. நான் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்தேன்.

சாயங்காலம் அவ்வாவுக்குக் கதை சொல்லியாக வேண்டும். "இன்னைக்கு இன்னா சொல்லிக் குடுத்தான் உங்க மேஷ்ட்ரு?" என்று கேட்டுக்கொண்டேதான் அவரைக்காய் உரிப்பாள். குதிரைக் கதையைச் சொன்னேன். அவளுக்கு அந்த மாமாவின் மேல் ஆத்திரம்.

"பேசாம இருந்தா சம்மதம்னு அவனுக்கு யாரு சொன்னது? எங்க வூட்ல பேசாம இருந்தா மனசு ஒடஞ்சுபோச்சுன்னு அர்த்தம்."

"நீங்கதான் பேசாம இருந்ததே இல்லையே அவ்வா."

"அதான் சொல்றன். ஒடையல." சிரித்தாள்.

வருஷக் கடைசியில் பரீட்சைக்கு முன் படிப்பதற்கு விடுமுறை விட்டார்கள். ஊருக்குக் கிளம்பினேன். பரீட்சைக்குத் திரும்பி வந்துவிடுவேன் என்பதால் டிரங்குப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, கைப்பையில் புத்தகங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். வாசலுக்கு வந்தவளிடம் அவ்வா, "நில்லு" என்றாள். உள்ளே போய் முறத்துடன் வந்தாள். முறத்தில் அரிசி, தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு, ஒரு ரவிக்கைத் துண்டு.

"முந்தானைய விரி."

விரித்தேன். கையால் அள்ளி அள்ளி அரிசியைப் போட்டாள். தேங்காயை வைத்தாள். முந்தானையை முடிந்து என் இடுப்பில் செருகினாள். ஒரு வார்த்தை கேலி இல்லை. அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். பஸ் வந்துவிடுமே என்ற அவசரத்தில் எதுவும் கேட்கவில்லை. "போயிட்டு வா மகளே" என்றாள். வயிற்றில் கனத்த முடிச்சுடன் கிருஷ்ணகிரியில் பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தேன்.

அம்மாதான் முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இது யாருடி கட்டினது?"

"அவ்வா."

"அவங்களுக்குக் கல்யாணம் ஆவாத பையன் இருக்கானா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு வேற்று வீட்டு அம்மாள் மடி கட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். 'எங்கள் வீட்டு மருமகள் இவள்' என்று நிச்சயம் செய்கிற அன்று, மாப்பிள்ளை வீட்டார் செய்கிற சடங்கு அது. நானும் இந்தப் பக்கத்தில் பிறந்தவள்தானே, அங்கே நிற்கும்போது ஏன் தோன்றவில்லை என்று கேட்பீர்கள். அவ்வா கையால் எது வந்தாலும் வாங்கிக்கொள்கிற பழக்கம், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலத்துக்குள் பெரியப்பா வந்துவிட்டார். அப்பாவின் அண்ணன். நான் படிப்பது ஆரம்பத்திலிருந்தே அவருக்கு ஆகாது. கயிற்றுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"மடி கட்டியாச்சு. பாதிக் கல்யாணம் முடிஞ்சுபோச்சு. இனி என்னாத்துக்குப் பரீட்சை? நல்ல குடும்பம், நெலம் நீச்சு இருக்குது, பாஷைதான் வேற. பேசி முடிச்சுப்புடு."

அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வாய்க்கால் வழக்கு, வீம்பு, ஒரு வருஷத்துப் பஸ் பயணம் எல்லாம் அந்தத் தேங்காயோடு முடிந்துவிடும் போல இருந்தது. மடி கட்டிய பெண்ணை எந்த வீட்டில் பரீட்சை எழுத அனுப்புவார்கள்? பெரியப்பா போன பிறகு அப்பா என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, உன் சட்டம் இதுக்கு என்ன சொல்லுது?"

அப்பா என்னிடம் கேட்ட முதல் சட்டக் கேள்வி அது. என் முதல் கட்சிக்காரரே அவர்தான். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகத்தைக் கொண்டுவந்து விளக்கு வெளிச்சத்தில் பிரித்தேன். சும்மா இருந்தால் சம்மதம் ஆகாது என்று குதிரைக் கதையைச் சொன்னேன். ஆனால் முன்மொழிவோடு சேர்த்துக் கொடுத்த பொருளை வாங்கி வைத்துக்கொண்டால் அது ஏற்றுக்கொண்டதுதான், அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது என்றேன். அரிசியும் தேங்காயும் நம் வீட்டில் இருக்கிறவரை நாம் சம்மதித்த மாதிரி. திருப்பிக் கொடுத்துவிட்டால் மறுத்த மாதிரி. எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் தெரியுமா! ஆசிரியர் கேட்டிருந்தால் செருமலை மறந்து பாராட்டியிருப்பார்.

அம்மா மட்டும், "அந்தம்மாவையே ஒரு வார்த்தை கேட்டுட்டா என்ன?" என்றாள்.

அப்பா கையை உதறினார். "என்னன்னு கேக்கறது? 'எங்க பொண்ணைக் கட்டிக்கத்தான் மடி கட்டினீங்களா'ன்னு நாமளே வாயத் தொறந்து கேட்டா, நாமதான் அலையறம்னு ஆவும். வேண்டாம்னு சொன்னாலும் அவங்க மனசு நோவக்கூடாது. பதமா குடுத்துட்டு வந்துடறன்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச்சை யாரும் நேராகக் கேட்கவும் மாட்டார்கள், நேராக மறுக்கவும் மாட்டார்கள். மறுநாள் அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, மூட்டையோடு ஒரு சீப்பு வாழைப்பழமும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஓசூர் போனார். சாயங்காலம் திரும்பி வந்தவரின் முகம் தெளிந்திருந்தது. "ஒண்ணும் வருத்தம் இல்ல. 'பொண்ணு இன்னும் படிக்கணும், இது இப்ப எங்களுக்கு வேணாங்க, மனசுல வச்சுக்காதீங்க'ன்னேன். அந்தம்மா பேசாம வாங்கி வச்சுக்கிட்டாங்க. தங்கமான மனுஷி" என்றார். வேண்டாம் என்று சொல்லப் போன வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்பதால் அங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டாள் என்று அவர் சொன்னபோது எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஒரு பெரிய கண்டம் தாண்டிவிட்ட நிம்மதியில் படித்தேன்.

பரீட்சைக்கு முதல் நாள் ஓசூர் போய் இறங்கினேன். வாசலில் செருப்பை விட்டதும், வழக்கம்போல, "அவ்வா, பசிக்குது!" என்று கத்திக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். அவ்வா நிலைப்படியில் வந்து நின்றாள். கையை நீட்டித் தடுக்கவெல்லாம் இல்லை. நின்றாள், அவ்வளவுதான். "கூடத்துல உக்காருங்கம்மா. எடுத்துட்டு வரேன்" என்றாள்.

உக்காருங்கம்மா! எனக்குச் சிரிப்புகூட வந்தது, கேலி செய்கிறாள் என்று. அவள் சிரிக்கவில்லை. கூடத்தில் பாய் போட்டு, எனக்கு மட்டும் வாழையிலை போட்டாள். களி இல்லை, விருந்தாளிக்குச் சமைக்கிற அரிசிச் சோறு. இலையில் நெய் விட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை தள்ளி நின்றாள். இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்கவில்லை. என் டிரங்குப் பெட்டி உள்ளறையிலிருந்து கூடத்து மூலைக்கு வந்திருந்தது.

காலையில் வீட்டுக்காரர் என்னோடு பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். அதிகம் பேசாத மனிதர். பாதி வழியில் நான்தான் கேட்டேன், அவ்வாவுக்கு என் மேல் என்ன கோபம் என்று. சம்பந்தம் வேண்டாம் என்று சொன்னதற்கா?

அவர் நின்றுவிட்டார். "இன்னா சம்பந்தம்?"

சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அய்யோ தேவரே, கடவுளே! நம்ம பையனுக்கு அவ அண்ணன் மகளைப் பேசி வச்சு எத்தனையோ காலமாச்சேம்மா. அது மடிலக்கி. எங்க ஜனத்துல, பெத்த பொண்ணு வூட்ட வுட்டுப் போகும்போது மடி காலியா போகக்கூடாதுன்னு தாயி அரிசி கட்டி அனுப்புவா. கல்யாணம் ஆன பொண்ணுக்குத்தான் கட்டறது. 'எனக்குப் பொண்ணா பொறந்தது யாரு இருக்கா, இவளுக்குக் கட்டறேன்'னு அவதான் புடிவாதமா கட்டினா. அத உங்கப்பா திருப்பிக் கொண்டாந்து வச்சாரு. எங்க பக்கம் மடிலக்கி திரும்பி வந்தா, தாய் வூட்டு ஒறவே வேணாம்னு பொண்ணு தலை முழுகிட்டான்னு அர்த்தம்மா."

பஸ் வந்தது. ஏறினேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது. அன்று ஒப்பந்தச் சட்டத் தாளில் பதின்மூன்றாம் பிரிவு வந்தது. ஒரே பொருள், ஒரே அர்த்தம். தகுந்த உதாரணத்துடன் விளக்குக. கப்பல் கதையை எழுதினேன். கை தானாக எழுதியது. அந்தத் தாளில் வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண் என்று பிறகு சொன்னார்கள். அடுப்பில் போடு அந்த மதிப்பெண்ணை! வருஷம் முழுக்க அந்தப் பிரிவை ஒப்பித்தவள், அப்பா கேட்ட அன்று புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. அம்மா படிக்காமலே சொன்னாள், ஒரு வார்த்தை கேள் என்று.

திரும்பி வந்ததும் நேராக அவ்வாவிடம் போனேன். அடுப்படி நிலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். எங்கள் பக்கத்தில் மடி கட்டினால் நிச்சயம் என்று அர்த்தம், பெரியப்பா படிப்பை நிறுத்தப் பார்த்தார், அப்பா பயந்துவிட்டார், நான்தான் திருப்பச் சொன்னேன்.

"அவரு சொன்னாரும்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள்.

"அப்போ மறுபடியும் கட்டுங்க அவ்வா."

அவள் முகம் ஒரு கணம் பழைய முகம் ஆயிற்று. கை என் கன்னத்தை நோக்கி வந்தது. பிறகு இறங்கிவிட்டது.

"திரும்பி வந்த மடிய இன்னொரு தடவ கட்டக்கூடாது. கட்டினா, கட்டிக்கறவளுக்கு ஆவாது. எனக்கு ஆசை இல்லன்னா நெனைக்கறே? நீ நல்லா இருக்கணும்."

என்ன வாதம் செய்வது இதற்கு? கோபமாக இருந்தால் காலில் விழுந்து தீர்த்திருப்பேன். என் நன்மைக்காக என்கிறவளிடம் எந்தப் பிரிவைக் காட்டுவது? அந்த அரிசியை வீட்டில் சமைக்கக்கூடாது என்று பசுவுக்கு வைத்துவிட்டாளாம். தேங்காயைக் கிணற்றில் போட்டுவிட்டாளாம்.

பரீட்சை முடியும்வரை அங்கேயே இருந்தேன். கூடத்தில் பாய், வாழையிலை, நெய். ஒரு வேளைகூடக் குறை வைக்கவில்லை அவள். ஒரு வேளைகூட எதிரே உட்காரவும் இல்லை. அடுத்த வருஷத்துக்கு அப்பா பெங்களூரிலேயே வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

கிளம்புகிற அன்று டிரங்குப் பெட்டியை வண்டியில் ஏற்றியாயிற்று. நான் வாசலில் நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஆகாவிட்டால் ஆகாமல் போகட்டும், ஒரு பிடி அரிசி போடு என்று நின்றேன். அவ்வா பார்த்தாள். உள்ளே போனாள். போனவள் நேரம் எடுத்துக்கொண்டாள். முறத்தோடு வருவாள் என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

தட்டோடு வந்தாள். வீட்டுக்கு வந்து போகிற எந்தப் பெண்ணுக்கும் நீட்டுகிற தட்டு. வெற்றிலை, பாக்கு, குங்குமம். விரித்த முந்தானையை அவளே மெதுவாக மடித்து என் தோளில் போட்டுவிட்டு, தட்டை நீட்டினாள்.

"போயிட்டு வாங்கம்மா."

குங்குமம் இட்டுக்கொண்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டேன். அந்த வெற்றிலைக்கு எங்கள் பக்கத்திலும் அவர்கள் பக்கத்திலும் ஒரே அர்த்தம்தான்.